வீட்ல கேட்டுட்டு வரேன்

என் ரேடியோவின் பின்பக்கத்தைத் திறந்து, உள்ளே கருகிப்போயிருந்த ஒரு சின்ன உருப்படியை இடுக்கியால் தொட்டுக் காட்டி, "இதை மாத்தலாமா சார்?" என்று கேட்டார் ரேடியோக்காரர். அதுதான் எங்கள் முதல் பேச்சு.

"மாத்தத்தானே குடுத்தேன்" என்றேன்.

"நீங்க பாடலைன்னு சொல்லிக் குடுத்துட்டுப் போனீங்க. இதை மாத்துன்னு சொல்லல. அதான் கேக்கறேன்."

பத்து நிமிட வேலை. அந்த ஒரு கேள்விக்காக என் ரேடியோ அவர் கடையில் ஒன்பது நாள் காத்திருந்தது. எழுபத்து நாலாம் வருஷம். நான் அரசாங்க வேலைக்குச் சேர்ந்து திருவண்ணாமலைக்கு வந்த புதிது. தேரடி வீதியிலிருந்து பிரியும் ஒரு சின்னத் தெருவில் மாடி அறையில் குடியிருந்தேன். எதிரே கீழே அவர் ரேடியோ கடை. கடைக்குப் பின்னால் ஒரு கூடம், ஒரு சமையலறை. அதுதான் அவருடைய வீடு.

ஒல்லியான மனிதர். எனக்கு ஏழெட்டு வயது மூத்தவராக இருப்பார். எந்தப் பெட்டியைத் திறப்பதற்கு முன்னும் புறங்கையால் ஒருமுறை தடவிப் பார்ப்பார். மின்சாரம் கசிந்தால் புறங்கை தானாக விலகிவிடும், உள்ளங்கை பிடித்துக்கொள்ளும் என்று காரணம் சொன்னார். ஆனால் மின்இணைப்பே இல்லாத, பேட்டரியில் ஓடும் டிரான்சிஸ்டரையும் அப்படித்தான் தடவுவார்.

அடி அண்ணாமலையிலிருந்து ஒரு விவசாயி வால்வு ரேடியோ ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். மணிலாக்கொட்டை பிடுங்கும் சமயம், ஆள் திரும்பி வரவே இல்லை. இவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை சைக்கிளை எடுத்துக்கொண்டு அடி அண்ணாமலைக்கே போய், வயலில் இறங்கி, பழைய வால்வு ஒன்று கிடைக்கிறது, புதிது ஜாஸ்தி விலை, எதைப் போடட்டும் என்று கேட்டுவிட்டு வந்தார். "ஏதோ ஒண்ணைப் போட்டுப் பாட வையேன்யா, இதுக்கா இவ்ளோ தூரம் மிதிச்சுக்கினு வந்தே" என்று அந்த ஆள் திட்டினாராம். "எதைன்னு சொல்லிட்டாரு சார், பழசே போதும்னாரு" என்று சந்தோஷமாக என்னிடம் சொன்னார். திட்டு அவர் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.

வெளி ஆட்களிடமே இப்படி என்றால் மனைவியிடம் சொல்ல வேண்டியதில்லை. அந்த அம்மாள் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சொல்லிக்கொடுத்துவந்தார். அவரை இவர் 'அவங்க', 'நீங்க' என்றுதான் சொல்வார். எங்கள் தெருவில் அப்படி மனைவியைச் சொன்ன ஆண் அவர் ஒருவர்தான். சினிமாவுக்குக் கூப்பிட்டாலும், பௌர்ணமிக்கு மலை சுற்றக் கூப்பிட்டாலும், "வீட்ல கேட்டுட்டு வரேன்" என்பார். டீக்கடையில் இது நிரந்தர வேடிக்கை.

"இன்னா ரேடியோக்காரரே, டீயில சக்கரை கம்மியா ஜாஸ்தியா? வீட்ல கேட்டுட்டு வரீங்களா?"

"சக்கரை நான் குடிக்கிறது. எதுக்கு அவங்களைக் கேக்கணும்?" என்பார் நிதானமாக. "அவங்களுக்கும் சேர்ந்ததுன்னாதான் கேக்கணும்."

கேலி செய்தவர்கள் அதற்கும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். தினமும் டைரி எழுதுகிறவன் நான்; சிரித்த நாட்களை மட்டும் அதில் குறிக்கவில்லை என்பதை இப்போது புரட்டிப் பார்க்கும்போது கவனிக்கிறேன்.

சனிக்கிழமை சாயங்காலம் கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் ஒரு டிராயிங் மாஸ்டர் அவர்கள் வீட்டுக்கு வருவார். தோளில் ஜோல்னாப் பை, கையில் ஏதாவது காய்கறி. திங்கட்கிழமை காலை முதல் பஸ்ஸில் திரும்பிவிடுவார். அந்த அம்மாளின் தம்பி என்று தெருவில் நினைத்தார்கள். யாரும் கேட்கவில்லை. எனக்குக் கணக்குச் சரியாக இல்லாதது எதுவும் உறுத்தும். தம்பி என்றால் அக்கா என்று கூப்பிடவேண்டும், அவர் கூப்பிடவில்லை. ஒருநாள் கடையில் வேறு யாரும் இல்லாத சமயம் பார்த்துக் கேட்டேன்.

"அந்த மாஸ்டர் உங்களுக்கு என்ன உறவு?"

கையில் இருந்த பற்றவைக்கும் கோலைத் தாங்கியில் வைத்தார். "எங்க ரெண்டு பேருக்கும் வேண்டியவரு சார். அவங்களுக்கு ஜாஸ்தி வேண்டியவரு."

"அப்படின்னா?"

"நீங்க கேக்கறீங்க, அதனால சொல்றேன். கல்யாணத்துக்கு முன்னாடியே அவங்களுக்கு அவரைப் பிடிக்கும். என்னையும் பிடிச்சிருந்தது. ரெண்டையும் அவங்க யார்கிட்டயும் மறைக்கல. ரெண்டு பேரும் வேணும்னாங்க. நான் யோசிச்சுச் சரின்னேன். அவரும் சரின்னாரு."

எனக்கு முகம் சுட்டது. ஆனாலும் கேட்டேன். "உங்களுக்குக் கஷ்டமா இல்லையா?"

"மொத வருஷம் இருந்தது. சனிக்கிழமை ஆனா கடையைச் சாத்தவே மனசு வராது. அதையும் அவங்ககிட்ட சொன்னேன். அப்புறம் ஆறு மாசம் அவரு வரல. வீடே வெறிச்சுனு ஆயிடுச்சு. நானேதான் போய்க் கூட்டினு வந்தேன்." பிறகு சொன்னார்: "எனக்கும் பாண்டிச்சேரில ஒருத்தங்க இருந்தாங்க. வீட்ல இவங்களுக்கும் தெரிஞ்சுதான். அப்புறம் பாண்டிச்சேரிக்காரங்களுக்குக் கல்யாணம் ஆச்சு. இவங்கதான் புடவை எடுத்துக் குடுத்தாங்க. பட்டு."

அந்தப் 'பட்டு' என்ற சொல்லை அவர் சொன்ன விதத்தில் எந்த வெட்கமும் இல்லை. எனக்குத்தான் இருந்தது. பிறகு பல சனிக்கிழமைகளில் மாடி ஜன்னலில் நின்று அவர்கள் வீட்டுக் கதவைப் பார்த்திருக்கிறேன். ஒருநாள்கூட எதுவும் தெரிந்ததில்லை. மூன்று பேரும் கூடத்தில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்குவார்கள். அந்த அம்மாள் ஏதோ சொல்ல இரண்டு ஆண்களும் சிரிப்பார்கள். அவ்வளவுதான். நான் எதைப் பார்க்க நின்றேன் என்பது எனக்குத் தெரியும்.

இரண்டு வருஷம் கழித்து, நெருக்கடி நிலைக் காலத்தில், எங்கள் அலுவலகத்தில் நடந்த குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் முகாமுக்கு ஒவ்வொருவரும் மூன்று ஆட்களைக் கூட்டிவர வேண்டும் என்றார்கள். எழுத்தில் எதுவும் இல்லை. வாய்ச்சொல். கூட்டிவராதவர்களுக்கு வேலை நிரந்தரமாவது தள்ளிப்போகும் என்பதும் வாய்ச்சொல்தான். நான் இரண்டு பேரைச் சேர்த்துவிட்டேன். மூன்றாவது ஆள் கிடைக்கவில்லை. முகாம் முடிய நான்கு நாள் இருந்தது.

அவர்களுக்குக் குழந்தை வேண்டாம் என்று முன்பே ஒருமுறை பேச்சில் சொல்லியிருந்தார். அந்த அம்மாள் தனக்குப் பின்னால் பிறந்த ஐந்து பேரைத் தூக்கி வளர்த்தவர், 'போதும்' என்றுவிட்டாராம். அது நினைவுக்கு வந்தது. கடைக்குப் போய், ஆபரேஷன் செய்துகொள்ள வருவாரா என்று கேட்டேன். என் வேலை விஷயத்தையும் சொன்னேன்.

கொஞ்ச நேரம் யோசித்தார். "வீட்ல கேட்டுட்டு வரேன்."

உள்ளே போனவர் மனைவியோடு வந்தார். அந்த அம்மாள் புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே, பரீட்சையில் கேட்பதுபோல் நேராகக் கேட்டார்.

"பின்னாடி எங்களுக்கு மனசு மாறினா, அதைத் திரும்பச் சரி பண்ண முடியுமா சார்?"

"முடியும்மா. இப்பல்லாம் சுலபம். பெரிய ஆஸ்பத்திரில பண்றாங்க."

எனக்கு அது தெரியாது. முகாம் டாக்டர் அந்த வாரம் முழுவதும் என் மேஜையிலிருந்து முப்பது அடி தள்ளித்தான் உட்கார்ந்திருந்தார். எழுந்துபோய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வேறு பதில் வந்துவிடும் என்ற பயத்தில் கேட்கவில்லை.

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "மாஸ்டரையும் ஒரு வார்த்தை கேட்டுடலாம்" என்றார் அந்த அம்மாள். சனிக்கிழமை வரை நான் தூங்கவில்லை. ஞாயிறு காலை அவரே மாடிப்படி ஏறி வந்து, "சரின்னுட்டாங்க சார், ரெண்டு பேரும்" என்றார்.

எதுவும் நிரப்பாத ஃபாரத்தில் கையெழுத்து வாங்கினேன். "இதுல என்ன எழுதுவீங்க சார்?" என்று கேட்டார். "வழக்கமா எழுதறதுதான்" என்றேன். உயிருடன் இருக்கும் குழந்தைகள் என்ற கட்டத்தில், குழந்தை இல்லாதவரை எடுத்துக்கொள்ளமாட்டார்கள் என்பதால், 2 என்று எழுதினேன். என் எழுத்து அச்சுப்போல இருக்கும் என்று அலுவலகத்தில் சொல்வார்கள். அந்த 2-ம் அப்படித்தான் இருந்தது. ஆபரேஷன் முடிந்தது. அடுத்த வருஷம் நான் நிரந்தரமானேன்.

எண்பதாம் வருஷம் ஒருநாள் மதியம் அலுவலகத்துக்கே தேடி வந்தார். வேப்பமரத்தடியில் நின்று பேசினோம்.

"அவங்களுக்குக் குழந்தை ஆசை வந்துருக்கு சார். ஏன்னு தெரியல. ஆசைக்கு ஏன் வேணும். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். திரும்ப வெட்டித் தச்சுப் பார்த்தாலும் சேருமான்னு சொல்ல முடியாதாம். ரொம்பக் கொஞ்சம் பேருக்குத்தான் சேருதுன்னு டாக்டரம்மா சொல்றாங்க."

நான் கீழே கிடந்த ஒரு வேப்பங்கொட்டையைச் செருப்பால் தள்ளினேன்.

"உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது" என்றார். என்னைத் தேற்றுகிற குரலில்.

"ஆமா. தெரியாது" என்றேன். அந்த அளவுக்கு அது உண்மைதான்.

பிறகு சொன்னார். மூன்று ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு மூன்று பேரும் உட்கார்ந்து பேசினார்களாம். மாஸ்டரோடு அந்த அம்மாள் பெற்றுக்கொள்வது, மூன்று பேரும் வளர்ப்பது. குழந்தை யாரை அப்பா என்று கூப்பிடுவது என்பதில் முதல் ஞாயிறு போய்விட்டது. இவரை அப்பா, அவரை மாஸ்டரப்பா என்று முடிவானது. இனிஷியல் இவருடையதுதான் என்று மாஸ்டர் பிடிவாதம். இரண்டு பேருடையதும் வேண்டும் என்று இவர் பிடிவாதம். "ஊர் பேரு, தாத்தா பேருன்னு ரெண்டு எழுத்து வச்சிக்கிறவங்க இல்லையா சார்? யாரு கேக்கப் போறாங்க?" மூன்றாவது ஞாயிறு, குழந்தை வளர்ந்து கேட்டால் என்ன சொல்வது என்று பேசினார்கள். "கேட்டா எல்லாத்தையும் சொல்லிடறது" என்று முடிவு. அதில் விவாதமே இல்லையாம்.

"உங்களுக்கு எதுக்குச் சொல்றேன்னா, ஆபரேஷன் விஷயம் உங்களுக்கு மட்டும்தான் தெரியும். குழந்தை பொறந்தா நீங்க குழம்பக்கூடாது பாருங்க."

என் குழப்பத்தைப் பற்றிக் கவலைப்பட்டு வெயிலில் ஒரு மைல் நடந்து வந்தவர் அவர்.

மறு வருஷம் பெண் குழந்தை பிறந்தது. தெருவில் எல்லா வீட்டுக்கும் சர்க்கரை கொடுத்தார். டீக்கடையில் அன்றைக்குப் பேச்சு அதுதான். இத்தனை வருஷம் கழித்துப் பிறந்தது அண்ணாமலையார் புண்ணியம் என்றார் ஒருவர். இல்லை, நாட்டு வைத்தியம் என்றார் இன்னொருவர். நான் சிரித்துவிட்டேன்.

"இன்னா சார் சிரிக்கிறீங்க?" என்றார் டீ ஆற்றுகிறவர்.

"ஒண்ணுமில்ல. கேம்புல ஃபாரம் எழுதினவன் நான். எனக்குத்தானே தெரியும்."

இதை ஏன் சொன்னேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். கோபம் இல்லை, பொறாமைகூட இல்லை. அங்கே இருந்த ஐந்து பேருக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும் என்ற சின்ன இன்பம். டம்ளரைக் கீழே வைப்பதற்குள் அந்த ரகசியம் என் கையை விட்டுப் போய்விட்டது.

பத்து மாதத்தில் பேச்சு கடைச் சொந்தக்காரர் வரைக்கும் போய்ச் சேர்ந்தது. கடையும் வீடும் அவருடையது. அரிசி மில் வைத்திருந்தவர், தெருவில் மரியாதைக்காரர். ஒரு ஞாயிறு காலை தன் வீட்டுக் கூடத்தில் ஐந்தாறு பேரை உட்காரவைத்து ரேடியோக்காரரைக் கூப்பிட்டனுப்பினார். என்னையும் கூப்பிட்டார். நான் போனபோது எனக்கு நாற்காலி போட்டார்கள். அவர் நின்றுகொண்டிருந்தார்.

"சார் கவர்மெண்டு ஆளு. பொழுது விடிஞ்சா என்ன நடந்ததுன்னு நோட்டுல எழுதி வச்சிக்கிறவரு" என்றார் சொந்தக்காரர் மற்றவர்களிடம். பிறகு என்னிடம்: "இந்த ஆளுக்குக் கேம்புல ஆபரேஷன் ஆச்சா, ஆவலியா? அதை மட்டும் சொல்லுங்க."

நான் ரேடியோக்காரரைப் பார்த்தேன்.

"சொல்லுங்க சார். கேக்கறாங்க இல்ல" என்றார்.

"ஆச்சு" என்றேன்.

"கல்யாணமாகி ஒரு குழந்தைகூட இல்லாதவனுக்கு எப்படிப் பண்ணீங்க? ரூல் இருக்கா?"

அந்தக் கூடத்தில் என் அலுவலகத்துக்கு வந்துபோகிற கான்ட்ராக்டர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அந்த மாதம் என் பதவி உயர்வுக் காகிதம் மேலே போயிருந்தது. இவ்வளவையும் நான் ஒரு மூச்சில் நினைத்தேன்.

"ரெண்டு குழந்தை இருக்குன்னு சொன்னாரு. ஊர்ல இருக்குன்னு. அதை நம்பித்தான் எழுதினேன்."

கூடத்தில் யாரோ "ச்சீ" என்றார்கள்.

"இன்னாய்யா? அப்பவே பொய் சொல்லிக் கையெழுத்துப் போட்டியா?" என்றார் சொந்தக்காரர்.

அவர் என்னைப் பார்த்தார். கோபம் இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. மூடியைத் திறந்ததும் எங்கே பழுது என்று தெரியாத பெட்டியை இப்படித்தான் பார்ப்பார். பிறகு திரும்பி, "கையெழுத்து என்னதுதாங்க" என்றார்.

"அப்ப அந்தக் குழந்தை?"

"எங்க குழந்தைதாங்க. மாஸ்டரும் அவங்களும் பெத்தது. மூணு பேரும் பேசி முடிவு பண்ணது. யாரும் யாரையும் ஏமாத்தல."

"பொய் சொல்ற வாய், நீ சொல்றதை எவன்யா நம்புவான்? பொண்டாட்டியை அடக்கத் துப்பில்லாம இப்ப கதை வுடறியா?" என்றார் சொந்தக்காரர். மற்றவர்கள் சிரித்தார்கள். உண்மையைத் தவிர வேறு எதையும் வைத்துக்கொள்ளாத மனிதரின் உண்மை, என்னுடைய ஒரு வாக்கியத்தால் அந்த இடத்தில் செல்லாமல் போனது. மாசக் கடைசிக்குள் கடையையும் வீட்டையும் காலி செய்யச் சொன்னார்கள். சரிங்க என்று சொல்லிவிட்டு, என் நாற்காலியைத் தாண்டி, என் காலில் இடிக்காமல் ஒதுங்கி நடந்து போனார்.

அந்த மாதம் முழுவதும் நான் பின்பக்க வழியாகப் போய்வந்தேன். அவர் வாடிக்கைக்காரர்களின் ரேடியோக்களை ஒவ்வொன்றாக வீடு தேடிப்போய்க் கொடுத்தார் என்று கேள்விப்பட்டேன். முடியாத பெட்டிகளுக்கு, வேறு எந்தக் கடையில் கொடுக்கட்டும் என்று கேட்டாராம். டிராயிங் மாஸ்டர் வேலையை விடுவதாக எழுதிக்கொடுத்துவிட்டார். பெங்களூர் பக்கம் போகிறார்கள் என்றார்கள்.

கிளம்புகிற அன்று மாலை ஐந்தேகாலுக்கு என் கதவைத் தட்டினார். உள்ளே வரலாமா என்று கேட்டு வந்தார். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்கப்போகிறார் என்று நினைத்து, நான் ஒரு பதிலை ஒரு மாதமாகத் தயாராக வைத்திருந்தேன். அவர் அதைக் கேட்கவில்லை.

"சார், ஒண்ணு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன். பாப்பா பெரிசானா கேப்பா. கேட்டா எல்லாத்தையும் சொல்றதுன்னு வச்சிருக்கோம். அதுல நீங்களும் வரீங்க. கேம்பு, அந்த ஃபாரம், அன்னைக்கு நடந்தது. சொல்லலாமா?"

"அதுல நான் கெட்டவனாத்தானே வருவேன்?" என்றேன்.

நேர்மையாக யோசித்துப் பார்த்தார். "நடந்த மாதிரி வருவீங்க சார்."

"வேண்டாம்."

"பேரை மட்டும் வேணாமா? பேர் இல்லாம 'ஒருத்தர்'னு சொல்லிக்கலாமா?"

"அதுவும் வேண்டாம். என் பங்கு எதுவுமே வேண்டாம்."

"அப்ப அந்த ரெண்டு குழந்தைன்னு எழுதினது..." என்று ஆரம்பித்து அவரே நிறுத்திக்கொண்டார். நான் மேஜையில் இருந்த பேனாவை நேராக வைத்தேன். "சரிங்க சார். சொல்ல மாட்டோம். வீட்லயும் சொல்லிடறேன்" என்றார். கதவைச் சாத்தலாமா என்று கேட்டுச் சாத்திவிட்டுப் போனார்.

ஜன்னலிலிருந்து பார்த்தேன். சாமான் ஏற்றிய வண்டிக்குப் பக்கத்தில் அந்த அம்மாள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். இவர் போய் ஏதோ சொன்னார். அந்த அம்மாள் மேலே, என் ஜன்னலைப் பார்த்தார். நான் நகர்ந்துகொண்டேன்.

இப்போது நான் வேங்கிக்காலில் சொந்த வீட்டில் இருக்கிறேன். அந்தப் பெண்ணுக்கு எட்டு வயது நடக்கும். கேட்கிற வயது. கேட்டிருப்பாள், மூன்று பேரும் உட்காரவைத்துச் சொல்லியிருப்பார்கள். புத்தியுள்ள குழந்தையாக இருந்தால் ஒருநாள் இதையும் கேட்பாள்: "குழந்தையே இல்லாதப்ப உனக்கு எப்படிப்பா ஆபரேஷன் பண்ணாங்க? நீ பொய் சொன்னியா?" அவளிடம் எதையும் மறைப்பதில்லை என்று முடிவு செய்த மனிதர் அந்த ஒரு கேள்விக்கு மட்டும் தலையைக் குனிந்துகொண்டு சும்மா இருப்பார். என்னிடம் வாக்குக் கொடுத்திருக்கிறார்.